மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரத்தின் குற்றப்படங்கள்: எந்த வரிசையில் பார்ப்பது? இரட்டை வேட ஷாட் எப்படி எடுத்தார்கள்?

செவ்வாப்பேட்டை செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு சின்ன குழுவாக, 25 முதல் 30 பேர் வரை உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இரண்டு நாள் திரையிடல் திட்டமிடுகிறோம். பொருள்: டி.ஆர். சுந்தரமும் அவருடைய குற்றப்படங்களும். புராணப் படம், சமூகப் படம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் இரண்டு மாதம் ஆகும். அதனால் திருடன், கொலைகாரன், மாறுவேடம், துப்பறிதல் என்று இருக்கிற படங்கள் மட்டும் போதும்.

எதில் தொடங்கி எதில் முடித்தால் அவர் தொழில் வாழ்க்கை புரியும்? 1940-லேயே இரட்டை வேடம் எடுத்திருக்கிறார்களே, கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரே ஃபிரேமில் ஒருவரை இரண்டு பேராகக் காட்டியது எப்படி? குழுவில் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் அதே முறையில் ஒரு மூன்று நிமிடப் படம் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஏற்காட்டில் ஒரு காட்சி, அதுவும் கறுப்பு வெள்ளையில். கைவசம் இருப்பது ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமராவும் ஒரு டிரைபாடும்தான். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி

செல்வம், வரிசைக்கு முன்னால் ஒரு விஷயம். சுந்தரத்தை இயக்குநர் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். 1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். தறிக்கணக்கு பார்க்கப் படித்த மனிதர் படக்கணக்கு பார்த்தார். அவர் படங்களில் நான் காண்கிற மேதைமை அங்கேதான் இருக்கிறது, கேமரா கோணத்தில் இல்லை.

முதலில் வேலாயுதம் பிள்ளையோடு கூட்டாக ஏஞ்சல் பிலிம்ஸ். அந்தக் காலத்தில் தமிழ்ப்படம் எடுக்க வேண்டுமென்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ஆளும் சாமானுமாக ரயில் ஏற வேண்டும். நடிகர், பாடகர், சமையல்காரர் வரைக்கும் கூட்டிப்போய், ஸ்டூடியோ வாடகை நாள் கணக்கில் ஏற, படம் முடிகிறதோ இல்லையோ பணம் முடிந்துவிடும். இதற்கு மாற்றாகத்தான் 1935-ல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகம். தொழில்நுட்ப ஆட்களை வெளிநாட்டிலிருந்துகூட வரவழைத்தார். 1938-ல் அங்கே தயாரான முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்', அதற்கு ஒளிப்பதிவு போடோ குட்ஷ்வாகர் என்கிற ஜெர்மானியர்.

குற்றப்படம் இந்த அமைப்புக்கு ஏன் பொருந்தியது? துப்பறியும் கதையில் எது எங்கே வெளிப்பட வேண்டும் என்று எழுத்திலேயே முடிவாகிவிடும். நடுவில் ஒரு காட்சியை மாற்றினால் பின்னால் நான்கு காட்சி இடிக்கும். ஆகவே முழு ஸ்கிரிப்டும் கையில் இருந்தால்தான் தளத்துக்குள் நுழைய முடியும். மாதச் சம்பளத்தில் நடிகர்களும் எழுத்தாளர்களும் இருந்த ஸ்டூடியோவுக்கு அது வசதி. ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தை செட் போட்டால், கதையில் 5, 19, 42-ஆம் காட்சிகள் அங்கே நடந்தாலும் மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு செட்டைக் கலைக்கலாம். கதை இறுகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 400 அடி மேகசின் (கேமராவில் பிலிம் சுற்றிவைக்கிற பெட்டி) நாலரை நிமிடம்கூட வராது. உலகப்போர்க் காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாட்டில் படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு வைத்தது. அதாவது 122 நிமிடம். அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் பாட்டும் கிளைக்கதையுமாக ஓட்டியவர்கள் திணறினார்கள். சுந்தரம் 1945-ல் 'பர்மா ராணி' எடுத்தார், ஜப்பானியத் தளபதியாக அவரே நடித்தார். போர்ப் பிரசாரப் படம்தான், ஆனால் ஒளிந்திருப்பது, வேவு, பிடிபடுகிற பயம் என்று பின்னால் வந்த குற்றப்படங்களின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது.

இனி உங்கள் வரிசை. முதல் நாள் காலையில் 'உத்தம புத்திரன்' (1940). பி.யு. சின்னப்பா இரட்டை வேடம், இரட்டையரில் ஒருவரை முகமூடி மாட்டிச் சிறைவைக்கிற 'இரும்பு முகமூடி'க் கதை. முழுக்கப் போட நேரமில்லையென்றால் இருவரும் சேர்ந்து வருகிற காட்சிகளை மட்டும் காட்டுங்கள். பிறகு 1950-ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டு. ஒன்று 'மந்திரி குமாரி'. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் தொடங்கி, அவர் அமெரிக்கா திரும்பிவிட, சுந்தரம் முடித்துக்கொடுத்தார். வசனம் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். தளபதியாக வந்தாலும் படத்தைத் தூக்கி நிறுத்துவது ராஜகுருவின் மகனாக, கொள்ளைக்காரனாக வரும் எஸ்.ஏ. நடராஜன். கொள்ளையை ஒரு கலையாகக் கருதுகிற வில்லன். தமிழ்ப்படத்தில் குற்றவாளிக்கென்று ஒரு கொள்கை கிடைத்தது அங்கேதான் என்பேன்.

இரண்டாவது 'திகம்பர சாமியார்'. வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல், இயக்கம் சுந்தரமே. எம்.என். நம்பியார் நாயகன். ஆமாம், நாயகன்தான். ஒன்றன்பின் ஒன்றாக மாறுவேடம் போட்டு வருவார். அதே ஆண்டில் 'மந்திரி குமாரி'யில் கொடூர ராஜகுருவும் அவரே. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுங்கள். சம்பள நடிகர் ஒருவரை ஸ்டூடியோ எப்படி எல்லாம் பயன்படுத்த முடிந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலர் என்ற வண்ணப் பிலிமில். அப்புறம் 'கைதி கண்ணாயிரம்' (1960), இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி, தயாரிப்பு சுந்தரம். அதில் ஆர்.எஸ். மனோகர் நாயகன். சுந்தரம் 1963 ஆகஸ்ட் 30-ல் காலமானார். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

குகை வாசி

அங்கே நிறுத்தக்கூடாது ரீல்பெட்டி அண்ணா! குற்றப்பட கம்பெனி என்று மாடர்ன் தியேட்டர்ஸுக்குப் பெயர் வந்ததே அதற்குப் பிறகுதானே. அப்பா டி.ஆர். சுந்தரம் எல்லாவகைப் படமும் எடுத்த முதலாளி. பக்திப்படம், இலக்கியம், ஹாலிவுட் கம்பெனியோடு சேர்ந்து 1952-ல் 'தி ஜங்கிள்' என்று ஆங்கிலப்படம், மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961). அவரைக் 'குற்றப்பட இயக்குநர்' என்று சுருக்குவது அநியாயம். அந்தப் பட்டத்துக்கு உரியவர் மகன் ஆர். சுந்தரம்.

'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966), 'வல்லவன் ஒருவன்' (1966), 'எதிரிகள் ஜாக்கிரதை' (1967), 'நான்கு கில்லாடிகள்' (1969), 'சி.ஐ.டி. சங்கர்' (1970), 'ஜஸ்டிஸ் விசுவநாதன்' (1971), 'கருந்தேள் கண்ணாயிரம்' (1972). போஸ்டரில் தலைப்பைப் படித்தாலே என்ன படம் என்று தெரியும். எல்லாமே அவரே இயக்கியதில்லை, 'இரு வல்லவர்கள்' கே.வி. சீனிவாசன், 'நான்கு கில்லாடிகள்' எல். பாலு. ஆனால் அச்சு ஒன்றுதான்: ஜெய்சங்கர் அல்லது ரவிச்சந்திரன், எதிரில் மனோகர் அல்லது அசோகன், வேதாவின் இசை. ஜெய்சங்கரைத் தென்னக ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியது இந்த வரிசைதான். ஏ. சகுந்தலாவுக்கு 'சி.ஐ.டி. சகுந்தலா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இங்கிருந்துதான்.

கதைக்கு அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. ஓடி நிரூபித்த இந்திப்படத்தை வாங்குவது அப்பா காலத்திலேயே தொடங்கிவிட்டது. 'கைதி கண்ணாயிரம்' ஒரு இந்திப்படத்தின் தழுவல். 'வல்லவனுக்கு வல்லவன்' இந்தி 'உஸ்தாதோங்கே உஸ்தாத்', 'இரு வல்லவர்கள்' இந்தி 'தோ உஸ்தாத்'. ஏற்கெனவே எடிட் ஆகி ஓடிய படம் கையில் இருந்தால் எந்தக் காட்சி எத்தனை அடி என்று முன்கூட்டியே தெரியும். பிலிம் வீணாகாது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அது சிக்கனமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு இழப்பும் இருக்கிறது. 'திகம்பர சாமியார்' பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து வக்கீல், கச்சேரி, ஊர்வம்பு என்று மண் வாசனை இருக்கும். அறுபதுகளின் படங்களில் கிளப் டான்ஸும் சுரங்க அறையும்தான், எந்த ஊர் என்றே சொல்ல முடியாது.

'வல்லவனுக்கு வல்லவன்' கட்டாயம் போடுங்கள். குற்றவாளியை எப்படி ஒளிப்பது என்பதற்குப் பாடம் அது. சந்தேகப்படும்படியான முகங்களை, அசோகன், மனோகர் என்று முன்வரிசையில் நிறுத்திவிட்டு, காதல் மன்னன் ஜெமினி கணேசனை

ரீல்பெட்டி

போதும் தம்பி, நிறுத்து! பார்க்கப்போகிற 30 பேருக்கு அங்கேயே போட்டு உடைக்கிறாயே.

நீ சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன், பட்டம் மகனுக்கே. ஆனால் அந்த அச்சை வார்த்தது அப்பா. 1950-லேயே மாறுவேடம், 1960-லேயே கைதி. மகன் செய்தது அதை வருடத்துக்கு ஒன்று என்று ஓட்டியது. செல்வம், 'வல்லவனுக்கு வல்லவன்' கடைசிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள், 'அலிபாபா'வை விட்டுவிடலாம். திருடர்கள் இருந்தாலும் அது குற்றப்படம் இல்லை, கதைப்படம்.

ஷட்டர் 172

இரட்டை வேடத்துக்கு வருகிறேன். தளத்தில் இதற்கு மாஸ்க் ஷாட் என்றுதான் பெயர். 1940-ல் எந்த ஷாட்டை எப்படி எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை, அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோவும் பின்பற்றிய முறை இது.

கேமராவைத் தரையோடு இறுக்கிவிடுவார்கள். டிரைபாட் கால்களை மரச்சட்டத்தில் ஆணி அடித்து, மேலே மணல் மூட்டை. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற சட்டமான மேட் பாக்ஸில் பாதியை மறைக்கிற கறுப்பு அட்டை. வலது பாதி மூடியிருக்க, நடிகர் இடது பாதியில் நின்று வசனம் பேசுவார். எதிரில் யாருமில்லாத இடத்தில் கண் உயரத்துக்கு ஒரு குறி, அதைப் பார்த்துப் பேசுவார். ஷாட் முடிந்ததும் லென்ஸை மூடிவிட்டு, தொடக்கத்தில் குத்திவைத்த அடையாள ஃபிரேம் வரைக்கும் அதே நெகட்டிவைப் பின்னால் சுற்ற வேண்டும். நடிகர் போய் உடையும் மேக்கப்பும் மாற்றி வர, அட்டையை இடது பக்கத்துக்கு மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். லேபில் கழுவினால் ஒரே நெகட்டிவில் இரண்டு பேர்.

சொல்வதற்குச் சுலபம். கெடுகிற இடங்கள்தான் நிறைய. இரண்டு அட்டையும் ஒரே கோட்டில் சேர வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் நடுவில் யாரும் மூடாத பட்டை உண்டாகாது, இருட்டுக்கோடு விழும். இடைவெளி விட்டால் அந்தப் பட்டை இரண்டு ஓட்டத்திலும் வெளிச்சம் வாங்கி, பிரிண்டில் வெள்ளைக்கோடாகத் தெரியும். அதை மறைக்கத்தான் நடுவில் ஒரு தூணோ கதவு நிலையோ திரைச்சீலையோ வைப்பார்கள். பழைய இரட்டை வேடப் படங்களில் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு தூண் நிற்பதன் ரகசியம் இதுதான்.

அட்டையின் ஓரம் எவ்வளவு மங்கலாக விழும் என்பது ஸ்டாப்பை, அதாவது லென்ஸின் திறப்பு அளவைப் பொறுத்தது. 50 மி.மீ. லென்ஸ், எஃப் 4, அட்டை ஐந்து அங்குலம் முன்னால் என்றால் இரண்டு பாதியும் கலக்கிற பட்டை பிலிமில் சுமார் 5 மி.மீ. அகலம் வரும். 22 மி.மீ. ஃபிரேமில் கிட்டத்தட்ட கால்வாசி! அந்தப் பட்டைக்குள் நடிகர் கையை நீட்டினால் கை ஆவி மாதிரி ஊடுருவித் தெரியும். எஃப் 8-க்கு இறக்கினால் பட்டை பாதியாகக் குறுகும், ஆனால் நாலு மடங்கு விளக்கு வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே ஸ்டாப்தான், மாற்றவே கூடாது. நடுவில் மின்னழுத்தம் இறங்கினாலும் போச்சு, அண்ணன் வெளிச்சமாகவும் தம்பி மங்கலாகவும் நிற்பார்கள்.

இருவரும் கட்டிப்பிடிப்பது, கத்தியைப் பிடுங்குவது எல்லாம் மாஸ்கில் நடக்காது. அதே உயரமுள்ள டூப்பின் முதுகுக்குப் பின்னால் கேமரா. மாஸ்க் ஷாட் ஒன்று, டூப் ஷாட் நான்கு என்று கலந்து வெட்டினால் பார்ப்பவர் மனம் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இனி உங்கள் பிள்ளைகளுக்கு. மிரர்லெஸ்ஸில் பின்னால் சுற்றுகிற வேலை இல்லை. இரண்டு தனி ஷாட் எடுத்து எடிட்டிங்கில் சேர்க்கலாம். ஆனால் இறுக்கிப் பூட்டுகிற ஒழுக்கம் அப்படியே வேண்டும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐ.எஸ்.ஓ. நான்கும் மேனுவல். கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை (ஆட்டம் குறைக்கிற வசதி) அணைத்துவிடுங்கள், டிரைபாடில் அது சென்சாரை நகர்த்தி இரண்டு ஷாட்டையும் பொருந்தவிடாது. முதலில் யாருமில்லாத காலி ஃபிரேம் பத்து நொடி எடுத்து வையுங்கள், சேர்க்கிற இடத்தில் ஒட்டுப்போட உதவும். கேமராவைக் கையால் தொட்டு ரெக்கார்ட் அழுத்தாதீர்கள், இரண்டு நொடி டைமர் அல்லது போனிலிருந்து.

வீட்டுக்குள் டியூப் லைட்டோ மலிவு எல்.இ.டி.யோ இருந்தால் ஷட்டரைக் கவனிக்கணும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் ஷட்டர் கோணம் 180 டிகிரி வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்குவது நொடியில் 48-ல் ஒரு பங்கு, திரையில் வெளிச்சம் அலைபோல ஓடும். 172.8 டிகிரி, அதாவது சரியாக 50-ல் ஒரு பங்கு வைத்தால் நின்றுவிடும்.

எடிட்டிங்கில் சேரும் கோட்டை 10 முதல் 20 பிக்சல் மங்கலாக்குங்கள். ஒருவரின் நிழல் கோட்டைத் தாண்டி மற்றவர் பாதியில் விழாதபடி முக்கிய விளக்கை உயரத்திலிருந்து அடியுங்கள். நிழல் பாதியில் வெட்டுப்பட்டால் பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது. கறுப்பு வெள்ளை மாற்றமும் கிரெயினும் (பழைய பிலிம் மாதிரியான புள்ளித்துகள்) இரண்டு பாதியையும் சேர்த்து முடித்தபிறகு மொத்தமாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் இரண்டு பாதியின் கிரெயினும் வேறுவேறாக ஊர்ந்து, கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

வசனத்துக்கு ஒரு யோசனை. முதல் ஓட்டத்தின் ஒலியை இரண்டாவது ஓட்டத்தில் நடிகரின் காதுக்குள் சின்ன இயர்போனில் ஓடவிடுங்கள். இல்லையென்றால் தனக்குத்தானே பதில் சொல்கிற நேரம் தப்பி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாப்பேட்டை செல்வம்

ரொம்ப நன்றிங்க. ஷட்டர் சார், ஒரு இடம் மட்டும் புரியவில்லை. அட்டை ஏறினால் "யாரும் மூடாத பட்டை உண்டாகாது, இருட்டுக்கோடு" என்கிறீர்களே?

இன்னொன்று, 'மந்திரி குமாரி'யில் 'வாராய் நீ வாராய்' பாட்டு ஏற்காட்டு மலையில் எடுத்தது என்பார்கள். பிள்ளைகள் அந்த மலையுச்சிக் காட்சி மாதிரியே, ஆனால் இரவில் நடப்பதாக எடுக்க நினைக்கிறார்கள். இரவில் மலையில் விளக்கு கொண்டுபோக வழியில்லை.

ஷட்டர் 172

அவசரத்தில் சுற்றி வளைத்துவிட்டேன். அட்டைகள் ஏறினால் அந்தப் பட்டையை இரண்டு ஓட்டத்திலும் ஏதாவது ஒரு அட்டை மூடியிருக்கும். வெளிச்சமே படாது, ஆகவே பிரிண்டில் கறுப்பு. அவ்வளவுதான்.

பாட்டு ஏற்காட்டு மலைதான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, இசை ஜி. ராமநாதன். மனைவியை உச்சியிலிருந்து தள்ளக் கூட்டிப்போகிறவனை, மூன்று முறை சுற்றி வணங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அவள் தள்ளிவிடுவாள். குண்டலகேசிக் கதை. அந்தக் காட்சியின் வலு பாட்டின் இனிமைக்கும் அவன் நோக்கத்துக்கும் உள்ள முரண். பிள்ளைகள் அதை இருட்டில் எடுத்தால் அந்த முரண் பாதி போய்விடும் என்பது என் கருத்து. பட்டப்பகலில், அழகான இடத்தில் நடப்பதுதான் பயம். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

பகலில் எடுத்து இரவாகக் காட்டுவது டே ஃபார் நைட். கறுப்பு வெள்ளைக்குச் சிவப்பு ஃபில்டர். அது நீல வானத்தைக் கறுப்பாக்கும், பச்சை இலையை அடர்த்தியாக்கும், முகத்தை வெளிறவைக்கும். ஃபில்டரே மூன்று ஸ்டாப் வெளிச்சம் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அதைச் சரிசெய்தபிறகு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். டிஜிட்டலில் ஃபில்டர் வாங்க வேண்டியதில்லை, வண்ணத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்புச் சேனலை ஏற்றி நீலத்தை இறக்கினால் அதே வேலை. ஜே.பெக் மாதிரி அழுத்திய கோப்பில் நீலத்தை ரொம்ப இறக்கினால் வானம் கட்டம்கட்டமாக உடையும், ஜாக்கிரதை. சூரியன் நடிகருக்குப் பின்னால், ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கட்டும். தலைமுடி ஓரத்தில் விழுகிற கோடு நிலா வெளிச்சமாகத் தெரியும். சூரியன் முன்னால் இருந்தால் எவ்வளவு இருட்டாக்கினாலும் பகல்தான். சிவப்பில் உதட்டுச் சாயம் வெளிறிப்போகும் என்பதால் பெண் பாத்திரத்துக்கு உதட்டில் பழுப்பு நிறம் போடுங்கள்.

ஏற்காட்டில் எதிரி மூடுபனி. சிவப்பு ஃபில்டர் தூரத்துத் தூசி மங்கலை ஊடுருவும், பனியை ஊடுருவாது. பனித்துளி பெரியது, எல்லா நிறத்தையும் ஒரேமாதிரி சிதறடிக்கும். பனி ஏறினால் வானம் வெள்ளையாகிவிடும், வெள்ளை வானத்தை எந்தச் சேனலும் இரவாக்காது. ஜூனிலிருந்து நவம்பர் வரை மழையும் பனியுமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனி. பிப்ரவரி, மார்ச்தான் வானம் தெளிவு. ஏப்ரல், மே மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும், ஆகவே காலையிலேயே முடிக்கப் பாருங்கள். அடுத்தடுத்த ஷாட்டுகளை ஒரே மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு ஷாட்டில் எதிர்மலை தெரிந்து, அடுத்ததில் காணாமல் போனால் ஒட்டவே ஒட்டாது.

அப்புறம் பாதுகாப்பு. நிஜ விளிம்பில் யாரையும் நிறுத்தவே கூடாது. மூன்று அடி உயரப் பாறை போதும். கேமரா முழங்கால் உயரத்தில், அண்ணாந்து பார்க்கிற கோணத்தில், பின்னால் வானம் மட்டும் தெரியும்படி. பாறைக்குப் பின்னால் மெத்தை, பிடிக்க இரண்டு பேர். உண்மையான பள்ளத்தைத் தனி ஷாட்டாக, ஆளே இல்லாமல், மேலிருந்து எடுங்கள். தள்ளுகிற கை, தடுமாறுகிற கால், பள்ளம், நின்றுகொண்டிருக்கிற அவள் முகம். நான்கு ஷாட். விழுவதைக் காட்டவே வேண்டாம். காப்புக்காட்டுப் பக்கம் என்றால் வனத்துறை அனுமதி முன்கூட்டி வாங்குங்கள்.

புரொஜக்டர் அறை

திரையிடல் பற்றி யாரும் சொல்லவில்லை. நல்ல படத்தைக் கெடுக்கிற இடம் அதுதான்.

இந்தப் படங்கள் எல்லாம் 1.37-க்கு 1 அளவில் எடுத்தவை. உங்கள் புரொஜக்டர் 16-க்கு 9. 'ஸ்ட்ரெச்' போட்டால் நம்பியார் குண்டாகத் தெரிவார், 'ஜூம்' போட்டால் தலை வெட்டுப்படும், மாறுவேடத் தலைப்பாகையே தெரியாது. பத்தடி அகலத் திரையில் உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம். அதில் சரியான படம் சுமார் ஏழே முக்கால் அடி அகலம்தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்து யாராவது "முழுசாப் போடுங்க" என்று கத்துவார்கள். அசைந்துகொடுக்காதீர்கள்.

அடுத்தது வேகம். பழைய டிவிடி, டிவிப் பதிவு நிறைய நொடிக்கு 25 ஃபிரேமில் மாற்றியவை. நான்கு சதவீதம் வேகமாக ஓடும், பாட்டு கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிக்கேட்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் இருந்தால் அதில் நீளம் போட்டிருக்கும். அடி என்றால் 90-ஆல் வகுங்கள், மீட்டர் என்றால் 27.4-ஆல். 16,000 அடி என்றால் 178 நிமிடம் வர வேண்டும். உங்கள் பிரதி 171 ஓடினால் வேகம்தான் கூடியிருக்கிறது, வெட்டு இல்லை. ஓட்டுகிற மென்பொருளில் வேகத்தை 96 சதவீதம் வைத்தால் சரியாகும், சுருதியும் சேர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள், சில மென்பொருள் சுருதியைத் தானாகப் பூட்டிவைக்கும். 150-தான் ஓடுகிறது என்றால் பாட்டோ நகைச்சுவையோ எங்கோ போயிருக்கிறது. துப்பறியும் படத்தில் நகைச்சுவையை வெட்டும்போது துப்பும் சேர்ந்து போய்விடும், பிறகு கடைசிக் காட்சி யாருக்கும் புரியாது. ஆகவே முழுப்பிரதி கிடைக்கிற படத்தைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயம். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1950 படங்களுக்கு 2010-ஓடு முடிந்தது, 1960 படத்துக்கு 2020-ஓடு. 1965 படத்துக்கு 2025 டிசம்பர் வரை. ஆனால் கதைக்கும் பாட்டுக்கும் தனிக் கணக்கு, எழுதியவர் காலமான ஆண்டுக்குப்பின் 60. கட்டணம் வைக்கிறதாக இருந்தால் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

குகை வாசி

கட்டணம் வேண்டாம், டீ காசு உண்டியல் போதும். ரீல்பெட்டி அண்ணா வெட்டிவிட்டதால் ஜெமினி பற்றி இனி வாய் திறக்கவில்லை. திரையிடலுக்கு முன் வருகிறவர்களை ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். உள்ளே ஸ்டூடியோ இல்லை, வீடுகள்தான்.

செவ்வாப்பேட்டை செல்வம்

சரிங்க, இப்படி வைத்துக்கொள்கிறோம். முதல் நாள் 'உத்தம புத்திரன்' பகுதிகள், 'மந்திரி குமாரி', 'திகம்பர சாமியார்'. இரண்டாம் நாள் 'கைதி கண்ணாயிரம்', 'வல்லவனுக்கு வல்லவன்'. நடுவில் பிள்ளைகளுக்கு மாஸ்க் ஷாட் பயிற்சி, தூணுக்குப் பதில் வகுப்பறைக் கதவு நிலை. ஏற்காட்டுக் காட்சி பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தாச்சு, பகலிலேயே எடுக்கிறார்களாம்.

புரொஜக்டர் அறை

திரையிடலுக்கு முன்பே ஐந்து பிரதியையும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், பழைய பதிவுகளில் ஒலி பின்தங்குவது கடைசி அரைமணியில்தான் தெரியும்.